வாளியில் திரும்பிப் போன ஊசிகள்

செவ்வாய்க்கிழமை காலை, நாவுல ஊரில் குப்பையை உரமாக்கும் நம் கிடங்கில், வந்த பைகளை நிறுத்துக்கொண்டிருந்தபோது தெய்வானைக்காவின் மகள் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க அண்ணே." மஞ்சள் காமாலை என்றாள். ஊசி குத்தியதால் வந்தது என்று நான் எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பத்து வருடம் குப்பை பிரித்தவருக்கு ஓர் இரத்தப் பரிசோதனைகூடக் கிடையாது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனாப் பயம் இருந்தவரை, நமக்குக் குப்பை அனுப்பும் கிளினிக் ஊசிகளையும் முகக்கவசங்களையும் மஞ்சள் பையில் தனியாகக் கட்டியது; எரிப்பதற்கு வேறு லொறி வந்தது. பயம் போனதும் மஞ்சள் பையும் போனது. எல்லாம் கறுப்புப் பையில், மரக்கறிக் கழிவோடு நம்மிடம் வந்தன. செருப்பைத் துளைத்து ஊசி அவர் பாதத்தில் ஏறியது. முறையிட்டோம். பிரதேச சபை அலுவலகம் ஊசி பொறுக்க ஒரு காந்தம் அனுப்பியது! அக்கா அதை உரத்தில் இழுத்துப் பார்த்தார். ஆணி ஒட்டியது, துருப்பிடிக்காத எஃகு ஊசி ஒட்டவில்லை.

"நல்ல காந்தம்னு எழுதிப் போடுங்க தம்பி. சோடா மூடி பொறுக்க ஒதவுது" என்றார் என்னிடம்.

ஒருநாள் உரம் ஏற்றக் கலேவெலயிலிருந்து லொறி வந்தது. உரம் சுத்தம் என்று, மேற்பார்வையாளனான நான் கையெழுத்திட்டுவிட்டேன். அக்காவின் சல்லடையில் இரண்டு ஊசிகள். அவர் போய் உரக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எறங்குங்கக்கா, கையெழுத்துப் போட்டாச்சு."

"கையெழுத்தா வெறுங்காலோட தோட்டத்துல எறங்கப் போகுது?"

தாளைக் கிழித்தேன். லொறி வெறுமையாகத் திரும்பியது. என்னிடம் விளக்கம் கேட்டார்கள்; அவருக்கு மூன்று நாள் வேலை கொடுக்கவில்லை.

அந்த மூன்று நாளில் ஒருநாள், கிடைத்த ஊசிகளை மூடிபோட்ட பெயின்ட் வாளியில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். மேசைமேல் வைத்து, "மிஸ், ஒங்க சாமான மறந்து எங்ககிட்ட விட்டுட்டீங்க" என்று சிங்களத்தில் சொன்னாராம். சிரித்தார்கள். அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும்.

எனக்கென்று அவருடைய வாளியை எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று அதில் ஊசிகளைப் போட்டு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு நான் போனேன். மேசையிலிருந்த பெண் வாளியைப் பார்த்ததுமே கேட்டார்: "இன்னிக்குத் தெய்வானைக்கா வரலியா?"

பெயர்கூடத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் இத்தனை காலமும் கறுப்புப் பைதான்.

"இனிமே நான் வருவேன்" என்றேன்.