காணமும் மாவிளக்கும்

வெளியூர்க்காரர்கள் கொள்ளு என்பதைச் சங்கரன்கோவிலில் காணம் என்பார்கள். வண்டிமாட்டுக்கு வைப்பது. தெற்கு ரத வீதியில் குடியிருந்த காந்திமதி கட்டின புருஷனுக்கு அதைத்தான் வைத்தாள். சும்மா இல்லை, கடை கடையாக ஏறி இறங்கி, யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்ட பிறகு வைத்தாள்.

புருஷன் அம்பலவாணன் தாலுகா கச்சேரியில் நகல் எழுதும் தற்காலிக குமாஸ்தா. எந்த நாளிலும் ‘இனி வரவேண்டாம்’ என்று சொல்லிவிடக்கூடிய வேலை. ஆனால் பாதுஷாவின் தேகப்பயிற்சிச் சாலையில் இரும்புக் கம்பியைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்துவதில் மனுஷன் சூரன். ஐம்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில், ஜில்லாவில் ஒரு பஞ்சாலை தன் பளுதூக்கும் அணிக்கு ஆள் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. ஆடி கடைசியில் தேர்வு. தேறினால் ஆலையிலேயே நிரந்தர வேலை. காலியாக இருந்தது ஒரே இடம், அதுவும் நூற்று முப்பத்திரண்டு பவுண்டுக்கு மேற்படாதவனுக்கு. அதற்கு மேற்பட்ட எடைக்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு மல்லன் இருந்தான். அம்பலவாணனோ அந்தக் கோட்டுக்கு மேலே நின்றான். எடை குறைய வேண்டும், பலம் குறையக் கூடாது. இது லேசில் நடக்கிற காரியமா?

“ஏலே, முட்டையில வெள்ளைக்கருவ மட்டும் தின்னு. சதை வைக்கும், கொழுப்பு வைக்காது” என்றார் பாதுஷா.

“சைவ வீட்டுல முட்டையா? நான் தெருவுலதான் அண்ணே கெடக்கணும்” என்று சொல்லிவிட்டு வந்து, பாரத்தைக் காந்திமதி தலையில் இறக்கினான் அம்பலவாணன்.

அவள் மருந்துக்கடையில் டின் பால்மாவை விசாரித்தாள். விலையைக் கேட்டவள் டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். பாதாம்பருப்பு சீமான் வீட்டுச் சரக்கு. உளுந்தங்களி பலந்தான், ஆனால் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் இல்லாமல் தொண்டையில் இறங்குமா? நிலக்கடலையைக் கசக்கினால் கையெல்லாம் எண்ணெய். கடைசியில், இளைத்தவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சின்ன வயதில் கேட்ட சொல்தான் கை கொடுத்தது.

“என்ன தாயி, மாடு வாங்கியிருக்கியளா?” என்றார் பலசரக்குக்கடை சிவராமலிங்கம், காணத்தை அளந்துகொண்டே.

‘ஆமா, ரெண்டு கால் மாடு’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, “ஆமா அண்ணாச்சி” என்றாள். பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

காணத்தை ஊறவைத்து, முளைகட்டி, உப்புப் போட்டு அவித்தாள். அவித்த தண்ணீரில் பூண்டு தட்டிப்போட்டு ரசம். வெண்ணெய் எடுத்த மோர். சோறு ஒரே ஒரு அகப்பை. அம்பலவாணன் திங்கட்கிழமை தோறும் ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை நிறுக்கும் மேடையில் ஏறி நிற்பான். எடை இறங்கியது. கம்பியும் முன்போலவே மேலே போனது. ஆனால் கன்னம் ஒட்டிப்போயிற்று. சோறு போடத் தெரியாதவள் என்று தெருவே தன்னைத்தான் பேசுகிறது என்று காந்திமதி தலைகுனிந்தே நடந்தாள். இன்னும் கொஞ்சம் எடை இறங்கவேண்டும், அதற்குள் ஆள் படுத்துவிட்டால்?

கோமதியம்மன் சன்னதியில் போய் நின்றாள். “தாயே, அவுகளை நீதான் கரையேத்தணும். அந்த நாள் வரைக்கும் வெள்ளிதோறும் மாவிளக்கு ஏத்துதேன்” என்று வேண்டிக்கொண்டாள். பச்சரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழிபறித்து நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றினாள். யார் பேரில் வேண்டுதலோ அவர் வாயில்தான் முதல் உருண்டை. பசியில் கிடந்த மனுஷன் அல்லவா, ஒரு உருண்டை மூன்றாயிற்று. மிச்சத்தில் அவளும் கொஞ்சம் தின்று பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து முகம் செத்துத் திரும்பினான். “இறங்கல ஏட்டி. கூடியிருக்கு.”

அம்மனுக்கு என்ன குறையோ என்று பதறி, அடுத்த வெள்ளி மாவிளக்கைப் பெரிதாகப் பிசைந்தாள். எடை மறுபடி கூடியது. அகப்பைச் சோற்றைப் பாதியாக்கினாள். அதற்கு அடுத்த வெள்ளி வெல்லத்தையும் நெய்யையும் தாராளமாக விட்டாள். மறுபடியும் கூடியது. பாவி மனுஷி! உப்பைக்கூடக் கணக்குப் பார்த்தவள்தான். ஆனால் பிரசாதத்தை யாராவது சாப்பாட்டோடு சேர்ப்பார்களா? பாதுஷா “வேற என்னலே திங்கே?” என்று கேட்டபோது, அம்பலவாணனும் சத்தியமாக, “காணத்தத் தவிர ஒண்ணுமில்ல அண்ணே” என்றுதான் சொன்னான்.

தேர்வுக்கு முந்தின வெள்ளி நெருங்கியது. கிணற்றடியில் பக்கத்து வீட்டு நெல்லையம்மாள் வாயெல்லாம் பல்லாக வந்தாள். “ஏட்டி காந்தி, உன் மாவிளக்கு தின்னே எனக்கு ஒரு ரவிக்கையும் கொள்ள மாட்டேங்கு. தையக்காரன்கிட்ட பிரிக்கக் கொடுத்திருக்கேன்.”

காந்திமதி கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டாள். அட கடவுளே! எடையை மேலே ஏற்றியது அம்மன் கோபமல்ல, அவள் ஏற்றின விளக்குத்தான்.

நேர்ந்ததை நிறுத்தினால் தெய்வக் குற்றம். நிறுத்தாவிட்டால் வேலை போச்சு. அந்த வெள்ளியும் மாவிளக்கை ஏற்றிவிட்டுச் சன்னதியில் நின்றாள். “தாயே, நீயே ஊசிமுனையில ஒத்தக்காலுல நின்னு தவம் பண்ணினவ. உனக்குத் தெரியாத பட்டினியா? விளக்க நீ எடுத்துக்கோ. அவுகள விட்டுரு” என்று வாய்விட்டே சொன்னாள். திரும்பும்போது கோயிலில் கொடுக்கிற புற்றுமண் கொஞ்சம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டில் அம்பலவாணன் உருண்டைக்குக் கை நீட்டினான். அவள் தட்டை இழுத்துக்கொண்டாள். “இதுதாங்க எடை.”

“பிரசாதத்தையா குத்தஞ் சொல்லுத? தேர்வு நேரத்துல அம்மன் பிரசாதத்த வேண்டாம்னா வெளங்குமா?” என்று கத்தினான். தட்டை எட்டிப் பிடித்தான்.

“வேண்டாம்னு யாரு சொன்னா? நான் திங்கேன்!” என்று உருண்டையை எடுத்து வாயில் திணித்தாள். இன்னொன்று. இன்னொன்று. கண்ணீர் ஒழுக, விக்கல் எடுக்க, தட்டு காலியாகிற வரைக்கும் தின்றாள். அவள் எழுந்து புற்றுமண்ணை அவன் நெற்றியில் இட்டாள். “இதுவும் அவ பிரசாதந்தான்” என்றாள்.

தேர்வன்று ரயிலுக்குப் போனவன் திரும்புகிற வரைக்கும் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை. வந்தவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“தராசு மயிரிழையில நின்னுச்சு ஏட்டி. நெத்தி மண்ணத் தொடச்சிரவான்னுகூட நெனச்சேன். தொடைக்கல. சரின்னுட்டான். கம்பியும் ஏறிட்டு. வேலை கெடச்சாச்சு.”

காந்திமதி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை அழவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னான்.

“ஆனா அணியில இருக்குத வரைக்கும் மாசா மாசம் நிறுப்பாவளாம். கூடிச்சுன்னா வேலை இல்ல.” கொஞ்சம் தயங்கினான். “நேர்த்தி பலிச்சா ஒரு மாவிளக்கு ஏத்தணும்லா?”

“அம்மனுக்கு ஏத்துதேன். உங்களுக்கு மண்ணுதான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பானையிலிருந்து ஒரு கை காணம் அள்ளி ஊறப்போட்டாள். இடுக்கிப் பிடித்த தன் ரவிக்கையைக் கீழே இழுத்துவிட்டு, இன்னொரு கையும் அள்ளிப் போட்டாள்.