கிளி அன்ரியின் ஐந்து விருந்தாளிகள்

1996ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், எங்கள் மேல்வீட்டுக் கிளி அன்ரி வீட்டில் ஒரே வாக்குவாதம். கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு அடுத்த குவாட்டர்பேக் அவர் மகன் ஜெறோமா, அவனுடைய நண்பன் பத்ரிக்கா? பந்தை எறிபவன் குவாட்டர்பேக்தான். எதிரணி பாய்ந்து விழுத்துவதும் அவனைத்தான்.

"பத்ரிக்தான் தூரமா எறியிறான்," என்றார் அன்ரி.

"பெத்த பிள்ளைய விட்டுட்டு ஊரான் பிள்ளைக்குக் கதைக்கிறாய்!" என்று சிரித்தார் அவர் கணவர்.

"இவன்ட எலும்பு முறிஞ்சா நீங்களா பார்க்கிறது?"

பயிற்சியாளர் ஜெறோமையே தேர்ந்தெடுத்தார். அன்ரி அதற்குப் பிறகு வாதாடவில்லை. "உனக்கு முன்னால நிண்டு மறிக்கிறது ஆர்?" என்று மட்டும் மகனிடம் கேட்டார்.

ஞாயிறு மதியம், எதிரணியை மறித்து ஜெறோமைக் காக்கும் அந்த ஐந்து தடியன்களும் அவர் வீட்டில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் போடுறன் ராசா," என்று ஒவ்வொருவருக்கும் அள்ளி வைத்த அன்ரி, ஜெறோமின் தட்டைக் கவனிக்கவே இல்லை.