பத்திரத்தில் நான் காது கொடுக்காத வரி

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிப் போகும் சொந்தபந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் என் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை மறைத்ததில்லை. மேடை கிடைத்த இடமெல்லாம் அதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பேன். அந்த ஐந்தாம் வகுப்புக்காரனிடம் இன்று மூன்று பட்டாசு யூனிட் இருக்கிறது. என் லேபிள் ஒட்டிய பெட்டி போகாத வடநாட்டு ஊர் குறைவு. சூலக்கரை கலெக்டர் ஆபீசில் என்னைப் பார்த்தால் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். எல்லாம் யார் தயவும் இல்லாமல் என் கையால் வந்தது என்று உங்களில் பலரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அது பொய். அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தப் பொய்யைத் தாண்டிப் போக முடியவில்லை. பேரன் எழுதித் தருகிறேன் என்றான். இதை நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சாத்தூருக்குத் தெற்கே எங்கள் கரிசல் ஊரில் பிறந்தார். எனக்கு ஆறு வயது மூத்தவர். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னைத் தூக்கி வளர்த்தது அவர்தான். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டப் போவார். சாயங்காலம் வரும்போது விரல்களில் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உரியும். அதைக் கழுவித் தேய்த்துவிட்டுத்தான் எனக்குச் சோறு பிசைவார். அப்படியும் பசை வாடை போகாது. இன்றைக்கும் தீப்பெட்டிப் பசையை எங்கேயாவது முகர்ந்தால் எனக்குப் பசிக்கும்.

கோவில்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டுப் போனார். மூன்றாம் வருடமே மாப்பிள்ளை காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. இருபத்தைந்து வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

அப்பாவிடம் இருந்தது ரோட்டோரம் ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஓட்டு வீடு, மூன்று வேப்பமரம். தனக்குப் பிறகு மகள் தெருவில் நிற்கக் கூடாது என்று ஒரு செட்டில்மெண்ட் பத்திரம் எழுதினார். பத்திர ஆபீஸ் வாசலில் எழுத்தர் அதை வாசித்தபோது பத்தொன்பது வயதில் நானும் நின்றேன். "என் மகள் தன் ஆயுள் பரியந்தம் மேற்படி சொத்தை விற்காமலும் அடமானம் வைக்காமலும் அனுபவித்து வர வேண்டியது. அவளுக்குப் பின்…" என்று வாசித்துக்கொண்டிருந்தார். எதிர் டீக்கடையில் யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கையைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். "…என் மகன் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது" என்று முடித்தார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. பத்திரத்தின் நகல் ஐம்பது வருடம் என் பீரோவில் கிடந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவன் இல்லை. எடுத்துப் படிக்கவில்லை.

அன்று முதல் என் வாயில் ஒரே பேச்சு. "இருக்கிற மட்டும் அக்கா, அதுக்குப் பின்னாடி நான்." டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சொன்னேன், அக்காவை வைத்துக்கொண்டே சொன்னேன். என் முதல் தொழிலான, பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டும் கொட்டகையை அந்த நிலத்தில்தான் போட்டேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல் வந்து இறங்கியபோது அவர் வெளியே வந்து பார்த்தார்.

"என்னலே, சொல்லாம கொள்ளாம லோடு இறங்குது?"

"என் நிலத்துல நான் இறக்குதேன்."

"சரி, சரி. உன் நிலத்துல ஒருத்தி குடியிருக்கா, அவ நடக்க வழி விட்டு அடுக்கச் சொல்லு" என்று சிரித்தபடி ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார். அந்தக் கொட்டகையில் உருட்டிய குழாயில்தான் நான் எழுந்தேன். யார் தயவும் இல்லை என்று சொன்னேனே, அது நிற்கும் இடம் இதுதான்.

அக்காவோடு பெட்டி ஒட்டிய ஒரு பெண் மஞ்சள் காமாலையில் இறந்தபோது, அவள் மகள் ஜெயந்திக்கு நான்கு வயது. தகப்பன் பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனார். அக்கா அவளை வளர்த்தார். அவள் அக்காவை அம்மா என்றாள், என்னை மாமா என்றாள். யாரையும் மாமா என்று கூப்பிடுவது ஊர் வழக்கம்தானே என்று நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஜெயந்தி பெரிய மனுஷி ஆனபோது அக்கா என்னிடம் வந்தார். "தாய்மாமன் சீர் நீதான் கொண்டு வரணும். வருவியா?" என்றார். என்னிடமா வருவியா என்று கேட்பது! மேளம், ஐம்பத்தொரு தட்டு, பட்டுச் சேலை, ஒரு வண்டி பட்டாசு. ஊர் வாயைப் பிளந்தது. சபை நடுவில் மாலை போட்டு, தாய்மாமன் என்று எனக்கு மரியாதை செய்தார்கள், வாங்கிக்கொண்டேன். உங்களில் பலர் அன்று அந்தப் பந்தலில் இருந்தீர்கள். அக்கா மகள் என்று அவளை ஊரறிய ஒப்புக்கொண்டவன் நான்தான். அடுத்த நாளே அது எனக்கு மறந்துவிட்டது.

சில வருடம் கழித்து ஜெயந்தி நர்சிங் சேர்ந்தாள். அவள் உட்கார்ந்து படிக்க வீட்டோடு ஒரு அறை இழுத்துக் கட்ட அக்கா ஆசைப்பட்டார். உத்தரத்துக்கும் நிலைக்கும் ஒரு வேப்பமரத்தை வெட்ட ஆள் கூட்டி வந்திருந்தார். கேள்விப்பட்டுக் காரில் போய் இறங்கினேன். ஆட்கள் முன்னால் சொன்னேன்: "வேப்பமுத்து பொறுக்கிக்கோ, கொப்பை ஒடிச்சு அடுப்பெரி. மரத்துல கைய வைக்காத. மரம் எனக்கு வர வேண்டியது."

அக்கா கோடாலிக்காரரைப் போகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, நிழல் யாருக்குன்னு பத்திரத்துல போட்டிருக்கா? இல்ல, கட்டிலை வெயில்ல இழுத்துப் போடணுமா?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அறை கட்டப்படவே இல்லை. ஜெயந்தி அடுப்படியில் உட்கார்ந்து படித்து நர்ஸ் ஆனாள்.

அக்காவின் கடைசி நாட்களை எழுத வேண்டும். நெஞ்சில் நீர் கட்டி விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஜெயந்திக்கு அங்கேதான் வேலை. அவள் டியூட்டி முடிந்தும் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. நான் தினமும் போனேன். டாக்டரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். உள்ளே வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. ஒருத்தருடைய ஆயுளின் மறுமுனையில் நமக்கு ஒரு சொத்தைக் கட்டிவைத்தால், நாம் நலம் விசாரிப்பதுகூட நலம் விசாரிப்பதாக இருப்பதில்லை.

சீசன் ஆர்டர் கூடியிருந்தது. பெரிய கொட்டகை வேண்டியிருந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கொத்தனாரைக் கூட்டிப்போய் அளந்து, வீட்டைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுவிட்டேன். மறுநாள் டாக்டர் வீட்டுக்கு அனுப்புவார் என்று எனக்குத் தெரியாது. ஆட்டோவில் வந்து ஜெயந்தி தோளைப் பிடித்து இறங்கிய அக்கா, கோட்டைப் பார்த்து நின்றார். அது வாசலில் புகுந்து உள்ளே போயிருந்தது.

"தம்பி, என் கட்டில் கோட்டுக்கு உள்ளயா, வெளியயா?"

நான் ஆட்டோக்காரருக்குக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

"உள்ளதான் போல. சரி, அழிக்காத. பொடி வீணாப் போயிரும்" என்று சொல்லி, கோட்டை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனார். மூன்று வாரத்தில் இறந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஜெயந்தியிடம் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னேன். "சரி மாமா" என்றாள்.

பட்டா மாற்ற வேண்டும் என்று பத்திர எழுத்தரிடம் போனேன். அப்பாவின் பத்திரம் எழுதியவரின் மகன் அவர். அதே இடத்தில் அதே தொழில். ஐம்பது வருட நகலைப் பிரித்து முழுவதும் வாசித்தார். "அவளுக்குப் பின் அவளுக்குச் சந்ததி இருந்தால் அச்சந்ததியும், சந்ததி இல்லாத பட்சத்தில் என் மகனும் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். டீக்கடையைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் போன வரி அது.

"அக்காவுக்குத்தான் பிள்ளை இல்லையே" என்றேன்.

"அதான் உங்களுக்கு வந்திருக்கு அண்ணாச்சி" என்றவர், பேனாவை மூடி வைத்தார். "இம்புட்டு நாள் சொல்லல, இப்பச் சொல்லுதேன். அந்தப் பிள்ளைக்குப் பதினாலு வயசு இருக்கும். அக்கா அதைத் தத்து எடுக்கணும்னு இங்கன வந்தாக. பிள்ளையோட அப்பாவையும் திருப்பூர்ல இருந்து வரவழைச்சிருந்தாக. பதினஞ்சுக்குள்ள எழுதணும்லா. நான் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி முடிச்சிட்டேன். கையெழுத்துதான் பாக்கி."

"பிறகு?"

"எல்லாம் சரியா இருக்கான்னு பழைய பத்திரத்தை வாசிக்கச் சொன்னாக. வாசிச்சேன். 'அப்போ இவ என் பிள்ளைன்னு எழுதுனா, என் தம்பிக்கு இல்லையா?'ன்னு கேட்டாக. இல்லம்மான்னேன். எழுதுன பேப்பரை மடிச்சு வாங்கிக்கிட்டு எந்திரிச்சிட்டாக."

ஏன் என்பதையும் அவரே சொன்னார். "'அவன் ஊர் பூரா என் நிலம், என் நிலம்னு சொல்லிக்கிட்டு அலையுதான். நான் இதுல கையெழுத்துப் போட்டா அவன் வாய் பொய்யாப் போயிரும்யா' அப்படின்னாக. பிள்ளைக்கு என்னம்மா வழின்னு கேட்டேன். 'அதுக்குத் தாய்மாமன் இருக்கான்ல. சபையில சீர் சுமந்தவன், விட்டுருவானா?'ன்னாக."

அந்த வருடம்தான் நான் ஐம்பத்தொரு தட்டு சுமந்திருந்தேன்.

அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போனேன். ஜெயந்தி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். எங்கே போகப் போகிறாய் என்றேன். ஹாஸ்டலில் இடம் சொல்லியிருக்கிறேன் என்றாள். அக்காவின் டிரங்குப் பெட்டியில் பழைய ஸ்டாம்ப் பேப்பர் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் தேடவே இல்லை. கையை விட்டு எடுத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏன் பிள்ளை என்கிட்ட சொல்லல?"

"அம்மா கையெழுத்துப் போடலையே மாமா. போடாததை நான் எப்படிக் காட்ட?"

மன்னிப்புக் கேட்க எனக்குப் பழக்கமில்லை. அன்றும் வரவில்லை. "சாக்கை அவுத்துரு. கட்டிலை இருந்த இடத்துலயே போடு" என்று மட்டும் சொன்னேன். வெளியே வந்து, வெட்ட விடாத அந்த வேப்பமர நிழலில் ரொம்ப நேரம் நின்றேன். கோடு மழையில் பாதி அழிந்திருந்தது. மீதியைச் செருப்பால் தேய்த்தேன்.

நிலத்தையும் வீட்டையும் மரத்தையும் ஜெயந்தி பேருக்கு எழுதிவிட்டேன். என் பையன்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு, அது என்னோடு. எழுதும்போது எழுத்தர் கேட்டார்: "கொட்டகை இருக்கே. உங்க ஆயுள் வரைக்கும் நீங்க அனுபவிக்கன்னு ஒரு வரி சேர்த்துருவோமா அண்ணாச்சி?"

"வேண்டாம்யா. நான் எப்பச் சாவேன்னு அந்தப் பிள்ளை என் மூஞ்சியப் பார்த்து உக்காந்திருக்க வேண்டாம்" என்றேன். இந்தப் பத்திரத்தை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே படித்தேன். அரை நாள் ஆனது. அதில் ஆயுள் என்ற சொல் இல்லை, பின் என்ற சொல்லும் இல்லை. இப்போது கொட்டகை அவள் நிலத்தில் அவள் சம்மதத்தில் நிற்கிறது. எடுக்கச் சொன்னால் எடுப்பேன். இதுவரை சொல்லவில்லை. நான் அங்கே போகும்போதெல்லாம் அவள் ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள்.

அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், கடைசி மூன்று வாரம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், கடைசி ஊர்வலத்துக்குத் தேர் கட்டிக் கொடுத்த கொட்டகை ஆட்களுக்கும், சொல்ல வேண்டியதைச் சொன்ன பத்திர எழுத்தருக்கும், எங்கள் துக்கத்தில் வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் குடும்பத்தின் நன்றி.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஐம்பது வருடப் பழக்கம் சீக்கிரம் போகாது. ரோட்டோரம் இருக்கிற ஒன்றரை ஏக்கரைக் காட்டி நான் எங்கேயாவது என் நிலம் என்று சொன்னால், சபை என்று பார்க்காமல், அது ஜெயந்தி நிலம் என்று என்னை மறித்துச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லும் பொய்யை மெய்யாக்கித் தர இனி அக்கா இல்லை.