ஒன்பது கேனும் ஒரு நாற்காலியும்

அன்றைக்கு லீடர் வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்.

லீடர். எங்கள் மகளிர் குழுத் தலைவி. உப்பளத்தில் எங்களோடு கூடை தூக்குகிறவள்தான். ஆனாலும் பெயர் லீடர்.

என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்சாதி.

பாயம்மா. உப்பு லோடு ஏற்றும் ஷெட்டுக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கிறவள்.

பெரியக்கா. எங்களில் மூத்தவள். முட்டி தேய்ந்து போனதால் கூடை தூக்குவதை விட்டுவிட்டாள். மூட்டை வாய் தைக்கிறாள்.

டிரைவர். லீடரின் தம்பி. வேன் அவனுடையது.

நான்.

மழைக்காலம். உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. தை பிறந்து தண்ணீர் வடிகிறவரைக்கும் வேலை இல்லை. சும்மா கிடக்கிற நாளில் ஒகேனக்கல் போகலாம் என்று லீடர்தான் ஆரம்பித்தாள். இரண்டு நாள். ஒரு ராத்திரி லாட்ஜில் தங்கல்.

எனக்கு அருவி பார்க்கிற ஆசை பெரிதாக இல்லை. வேனில் ஏழு மணி நேரம் உட்கார்ந்து போகலாம் என்றார்கள். அதற்குத்தான் சரி என்றேன். உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது.

காலையில் கட்டைப்பையை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். பெரிதாக யோசிக்க ஒன்றும் இல்லை. புடவை இரண்டு. துண்டு ஒன்று. கால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய். முதுகுக்கு மாத்திரை. கை தானாகப் போய் வெயில் கண்ணாடியையும் எடுத்துப் போட்டது. உப்பு வெள்ளையில் கண் கூசாமல் இருக்கப் போடுகிற கண்ணாடி. மழைக்காலத்தில் எதற்கு என்று வெளியே எடுத்தேன். அப்புறம் இருக்கட்டும் என்று மறுபடி போட்டேன். பிறகு இரண்டு கேனில் தண்ணீர் பிடித்தேன். இதை யோசிக்கவே இல்லை.

டிரைவர் முதல் நாளே எல்லா சாமானையும் கொண்டுவரச் சொல்லியிருந்தான். வேன் சின்னது. மேலே கேரியர் கிடையாது. பின் சீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம், அவ்வளவுதான்.

"நாளைக்கு விடியகாலைல சண்டை போட்டீங்கன்னா நான் படுத்துக்குவேன். இப்பவே ஏத்திக் காட்டுங்க" என்றான்.

நான்கு மணிக்கு எல்லோரும் வந்தோம். பைகளை அடுக்கினான். அப்புறம் கேன்கள் வந்தன. எண்ணெய் வாங்கின பழைய ஐந்து லிட்டர் கேன்கள். நான் இரண்டு. லீடர் இரண்டு. பாயம்மா இரண்டு. ஓரகத்தி மூன்று.

டிரைவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தான்.

"இன்னாக்கா இதெல்லாம்?"

"தண்ணி" என்றாள் ஓரகத்தி.

"நாம எங்க போறோம்?"

"ஒகேனக்கல்."

"அங்க இன்னா இருக்குது?"

"அருவி."

"அருவிக்கித் தண்ணி எடுத்துனு போற ஆளுங்கள நான் இப்பத்தான் பாக்கறேன்."

பாயம்மா சிரித்துவிட்டாள். ஓரகத்திக்குக் கோபம். "ஊரு விட்டு ஊரு போறோம். அந்தத் தண்ணி எப்படி இருக்குமோ. உனக்கு இன்னாடா தெரியும்?" என்றாள். அவள் பையில் ஒரு பொட்டலம் உப்பும் இருந்தது. அதை லீடர் பார்த்துவிட்டாள்.

"ஏன்டி, உப்பு எதுக்கு?"

"ஓட்டல் சாப்பாட்டுல பத்தலைன்னா?"

"வருசம் பூரா அதத்தான மிதிக்கிற. ரெண்டு நாளு அத விட்டுட்டு இரேன்டி."

எங்கள் ஊரில் கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர். பாத்திக்குப் போகிறவர்கள் கேன் இல்லாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டோம். செருப்பு மாதிரி அது. ஆனால் சாயந்திரம் திரும்பும்போது கேனில் பாதிக்கு மேல் இருக்கும். அங்கே கக்கூஸ் கிடையாது. ஒரு மரம், ஒரு புதர் கிடையாது. கண்ணுக்கெட்டினவரை வெட்டவெளி. ஆண்கள் நடுவே எங்கே போய் ஒதுங்குவது? அதனால் குடிக்க மாட்டோம். வாயை நனைப்போம், மூடி வைப்போம். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய், தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருவோம். இத்தனை வருடமும் இதுதான்.

கடைசியாகப் பெரியக்கா வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். கையில் சின்ன துணிப்பை ஒன்று. கேன் இல்லை.

"தண்ணி எங்கக்கா?" என்றாள் லீடர்.

"எனக்குத் தாகமே எடுக்கறதில்லம்மா. இடத்த அடைக்காம வர்றேன்."

லீடர் அதை நம்பினாள். நல்லவேளை ஒருத்தியாவது, என்று சொன்னாள். நான் நம்பவில்லை. போன கோடையில் பெரியக்காவை ஜி.எச்.சில் சேர்த்தபோது ஐந்து நாள் கூட இருந்தவள் நான். மூத்திரத்தில் ரத்தம். வருடக்கணக்காக அடக்கினதால் வந்தது என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும், வந்தால் உடனே போக வேண்டும், மறுபடி இப்படி வந்தால் கிட்னி போய்விடும் என்றார்.

வீட்டில் அவள் கீழே உட்கார முடியாது. மகன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவே வட்டமாக அறுத்துக் கொடுத்திருந்தான். கக்கூஸ் மேல் அதைப் போட்டு உட்காருவாள். லாட்ஜில் கீழே உட்காருகிற கக்கூஸ்தான் என்று முந்தாநாள் லீடர் போனில் கேட்டுச் சொல்லியிருந்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெதுவாகக் கேட்டேன்.

"எப்படிக்கா ரெண்டு நாளு?"

"சாப்புடாம இருந்துடுவேன்."

"தண்ணி?"

"அதுவுந்தான்."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"டாக்டரா வந்து ஒகேனக்கல் பாக்கப் போறாரு?"

"நாற்காலிய எடுத்துக்கலாம்."

"ஆம்பள நிக்கிறான். மெதுவாப் பேசு." டிரைவர் பக்கம் பார்த்தாள். "ஓட்ட நாற்காலிய ஊரே பாக்கத் தூக்கினு வர்றதா? இருக்கிற மானமும் போவட்டும்னு சொல்றியா?"

"அப்ப வராத. வீட்ல இரு."

சொல்லியிருக்கக் கூடாது. அசதியில் வந்துவிட்டது. அவள் வேனைப் பார்த்தாள்.

"எனக்கு அறுபத்தி மூணு. நல்ல தண்ணி சும்மா கொட்டி நான் பாத்ததே இல்லடி" என்றாள்.

எழுந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. நின்று நிமிர்ந்து, வேனுக்குப் போய், என் இரண்டு கேனையும் வெளியே எடுத்துச் சுவரோரம் வைத்தேன்.

"இன்னாடி பண்ற?" என்றாள் லீடர்.

"எடம் வேணும்."

"எதுக்கு?"

"ஒரு மூட்டை வரும்."

பெரியக்கா வீடு நான்கு வீடு தள்ளி. போய் நாற்காலியைக் கழுவித் துடைத்தேன். பெரியக்கா பின்னாலேயே வந்துவிட்டாள். திட்டிக்கொண்டேதான் வந்தாள். மூலையில் காலி உப்புச் சாக்கு கிடந்தது. மூன்றை எடுத்து, பக்கவாட்டில் கிழித்து, அவள் மடியில் போட்டேன். கோணி ஊசியைக் கையில் கொடுத்தேன்.

"தை" என்றேன்.

பார்த்தாள். ஊசியில் சணல் கோத்தாள். ஒரு நாளைக்கு இருநூறு மூட்டை தைக்கிற கை. பத்து நிமிடம் ஆகவில்லை. மூன்று சாக்கும் ஒரே உறையாகிவிட்டது. வாயில் கயிறு ஓடவிட்டு, இழுத்தால் மூடிக்கொள்கிற மாதிரி செய்தாள். நாற்காலி உள்ளே போனது. வெளியே பார்த்தால் கோணல்மாணலான உப்பு மூட்டை. முதன்முதலாக அவள் முகம் கொஞ்சம் இளகினது.

தூக்கிக்கொண்டு வந்தேன். டிரைவர் சுற்றிப் பார்த்தான்.

"இது இன்னாது? உப்பு மூட்டையா? நாலு பக்கமும் கால் நீட்டினு இருக்குது."

பெரியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பாயம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். ஜி.எச்.சுக்கு டீ கொண்டுவந்தவள் அவள். புரிந்துவிட்டது.

"பொம்பளைங்க மூட்டைல உனக்கு இன்னாப்பா விசாரணை? ஏறுமா ஏறாதா, அத மட்டும் சொல்லு."

"இது ஏறணும்னா கேன் மொத்தமும் எறங்கணும்க்கா."

பாயம்மா தன் இரண்டையும் இறக்கினாள். லீடர் நாற்காலி மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கைப்பிடி கையில் பட்டிருக்கும். அவளும் இறக்கினாள். ஓரகத்திதான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி இல்லாம நான் எங்கியும் போனதில்லக்கா." என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"வழி பூரா கடைதாம்மா இருக்குது" என்றான் டிரைவர்.

"ஒண்ணே ஒண்ணு. மடில வெச்சுக்கறேன்."

விட்டுவிட்டோம். எட்டு கேன் சுவரோரம் நின்றன. மூட்டை ஏறியது. கதவு மூடியது.

மறுநாள் விடியலில் கிளம்பினோம். ஓரகத்தி கேனை மடியில் கட்டிப் பிடித்திருந்தாள். திண்டிவனம் தாண்டியதும் நான் அதை வாங்கி, மூடியைத் திறந்து, பெரியக்காவிடம் நீட்டினேன். அவள் வழக்கம் போல வாயை நனைத்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"நல்லா குடி அக்கா. பின்னாடி மூட்டை இருக்குது."

குடித்தாள். நெஞ்சில் வழிய வழியக் குடித்தாள். எல்லோருமாகக் குடித்து, தர்மபுரி போவதற்குள் கேன் காலி. ஓரகத்தி காலிக் கேனை அப்போதும் மடியிலேயே வைத்திருந்தாள்.

பெட்ரோல் பங்க் வந்தால் லீடர் "தம்பி, நிறுத்து" என்பாள். யாருக்கு என்று சொல்ல மாட்டாள். டிரைவரும் கேட்காமல் இறங்கி அந்தப் பக்கம் திரும்பி நிற்பான். நான் மூட்டையை இறக்கி உள்ளே கொண்டுபோய் உறையைக் கழற்றிப் போடுவேன். அப்புறம் கழுவி, துடைத்து, உறை மாட்டி, ஏற்றுவேன். உட்கார்ந்து போகலாம் என்று வந்தவள் நான்.

அருவியில் வெள்ளம். குளிக்க விடவில்லை. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம். சாரல் அங்கே வரைக்கும் வந்தது. பெரியக்கா உதட்டை நக்கிப் பார்த்தாள்.

"உப்பே இல்லடி" என்றாள்.

லாட்ஜுக்குப் போகிற வழியில் இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். ராத்திரி எனக்கு முதுகு மாத்திரை போதவில்லை.

திரும்பி வந்து வேனை விட்டு இறங்கினபோது எட்டு கேனும் சுவரோரம் அப்படியே நின்றன. ஓரகத்தி முதலில் போய்த் தன் இரண்டையும் எடுத்துக்கொண்டாள். நான் நாற்காலியைப் பெரியக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு நாளில் அந்த மூட்டையை இறக்கி ஏற்றினது பதினேழு தடவை.