நகல் ஆஸ்பத்திரி

ஒரு வெப்சைட்டை ஊருக்குக் காட்டுவதற்கு முன்பு அதே மாதிரி இன்னொன்றைச் செய்து, வேறொரு முகவரியில் ஒளித்து வைப்பார்கள். எங்கள் தொழிலில் அதற்கு ஸ்டேஜிங் என்று பெயர். பட்டனெல்லாம் அமுங்கும், பக்கமெல்லாம் திறக்கும், ஆனால் அங்கே நடக்கிற எதுவும் நிஜத்தில் நடக்காது. அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துக் குறை சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். பிறவியிலேயே குறை சொல்லும் வாய், வேலை சுலபமாகப் பொருந்திவிட்டது. வண்டிப்பெரியாருக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீடு ஒன்றில், அம்மா கொழுந்து கிள்ளக் கிளம்பிய பிறகு கட்டிலில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு உட்காருவேன்.

அந்த மழைக்காலத்தில் குமுளிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சைட் வந்தது. மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருந்ததோடு புதிதாகத் தமிழும் சேர்த்திருந்தார்கள். நோயாளி தன் உபத்திரவத்தை எழுதினால் டாக்டர் படித்துவிட்டு, எப்போது வரலாம் என்று பதில் போடுவார். நிஜமாகவே பயன்படுத்தப்போகிறவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள் என்று கம்பெனியில் சொன்னார்கள். எனக்கு ஆட்களுக்கா பஞ்சம்? அம்மாவின் கொழுந்துக் கூட்டத்தில் அம்மாவையும் சேர்த்து எட்டுப் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அத்தனை பேரும் எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிட்டார்கள்.

முதல் வாசலிலேயே தகராறு. வழிப்போக்கர் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்று, முகவரியைத் தட்டியதும் ஒரு சின்னப் பெட்டி எழும்பிக் கம்பெனி பாஸ்வேர்டு கேட்கும். அதைத் தாண்டினால் நோயாளியாக லாகின் செய்ய இன்னொரு பாஸ்வேர்டு.

"எதுக்குட்டி ரெண்டு பூட்டு? உள்ள நகையா இருக்கு?" என்றாள் அம்மா.

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா. டாக்டரும் பொய், தேதியும் பொய். நீங்க எழுதுறது ஆஸ்பத்திரிக்குப் போகாது. எங்க கம்பெனிப் பெட்டியில வந்து விழும், நான் பாத்துட்டு அழிச்சிருவேன்."

"யாரு எழுதினான்னு தெரியுமோ?" என்று கேட்டார் கூட்டத்திலேயே மூத்த அத்தை.

"தெரியாது அத்தை. எட்டுப் பேருக்கும் ஒரே லாகின்தான். சோதனை நோயாளின்னு மட்டும்தான் காட்டும்."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். முகவரியையும் இரண்டு பாஸ்வேர்டையும் அவர்களுடைய வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டு, வீட்டிலிருந்தே எழுதிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் நாள் வந்ததெல்லாம் தலைவலி. அது எதிர்பார்த்ததுதான். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் பெண்களுக்கு எந்த நோவு வந்தாலும் அதன் பெயர் தலைவலிதான். கம்பவுண்டர் நல்ல மனுஷன், ஆனால் வரிசையில் பின்னால் நிற்பவள் பக்கத்து வீட்டுக்காரி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மறுநாளிலிருந்து எழுத்து மாறியது. தும்மினால் சொட்டுச் சொட்டாக மூத்திரம் போகிறது என்று ஒருத்தி. அடிவயிறு இறங்கிவிட்ட மாதிரி இருக்கிறது, பாரம் தூக்க முடியவில்லை என்று ஒருத்தி. காரணமே இல்லாமல் அழுகை வருது, எழுதினப்புறம் கொஞ்சம் தேவலை என்று இன்னொருத்தி. நான் வேலையை மறந்து உட்கார்ந்திருந்தேன். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த பெண்கள் இவர்கள். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. நிஜ ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்காதவர்கள், ஆஸ்பத்திரியே இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருந்தார்கள். படிக்கப் படிக்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

வியாழக்கிழமை வந்தது இது: "எடது மார்ல கட்டி. ஈஸ்டருக்கு முன்னாடி புளியங்கொட்டை அளவு. இப்ப நெல்லிக்கா. வலி இல்ல. யார்ட்டயும் சொல்லல."

இரண்டு தடவை படித்தேன். எட்டில் யார்? நேரே போய்க் கேட்டால் எழுதினவளே முதலில் இல்லை என்பாள். சாயங்காலம் அம்மாவையே வெறித்துப் பார்த்தேன். "என்னட்டி முழிக்கே?" என்று அதட்டிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். கடைசியில் ஸ்டேஜிங்கில் டாக்டருடைய பக்கத்தைத் திறந்து, அந்தக் கட்டிக்குக் கீழே பதில் எழுதினேன். "இது பொய் டாக்டர் இல்லை, நான்தான். திங்கட்கிழமை காலை வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. நிஜ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. லாகின் ஒன்றுதானே! எட்டுப் பேரில் யார் திறந்தாலும் இது கண்ணில் படும். திங்கட்கிழமை யார் வேலைக்கு வரவில்லை என்று பார்த்தாலே போதும், லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து எழுதினவள் வராமலே இருந்துவிடுவாள். பதறிப்போய் அழிக்கப் போனேன். படிக்கப்பட்டது என்று பக்கத்தில் காட்டியது.

திங்கட்கிழமை தூறலில் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். முதலில் அத்தை வந்தார். அவரா என்று யோசிப்பதற்குள் பின்னால் இரண்டு பேர். பிறகு இன்னும் நான்கு. எல்லோரும் கோயிலுக்குக் கட்டுகிற சேலையில். கடைசியாக, வேலைக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்த அம்மா.

"ஒருத்தி மட்டும் வந்தா அவதான்னு தெரிஞ்சிரும்லா. அதான் எல்லாரும் லீவு போட்டுட்டோம்" என்றார் அத்தை.

"யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நாங்க யாரும் யாரையும் கேக்கல. நீயும் கேக்காத."

ஒரு நாள் கூலி போனால் வலிக்கிற வீடுகள். இவர்கள் நடுவில் பிறந்து வளர்ந்தும் இவர்களை எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று பஸ் முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் யாருக்குப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் மலையாளத்தில் கேட்டார். "எங்க எட்டுப் பேருக்கும்தான் சிஸ்டர்" என்றார் அத்தை. லேடி டாக்டர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார். எல்லோரும் வெளியே வந்து உட்கார்ந்த பிறகு, ஸ்கேனுக்குச் சீட்டு எடுத்துக்கொண்டு நர்ஸ் வந்தார். கையில் இரண்டு சீட்டு. ஒன்றை, கூட்டத்திலேயே வயதில் சின்னவள் வாங்கிக்கொண்டாள். இன்னொன்றை நர்ஸ் அம்மாவிடம் நீட்டினார்.

"ஆளு மாறிப்போச்சு சிஸ்டர். எழுதினது நான் இல்ல. நான் சும்மா தொணைக்கு வந்தவ" என்றாள் அம்மா.

ஆள் மாறவில்லை. அம்மாவுக்கே தெரியாத அளவில் சின்னக் கட்டி ஒன்று இருக்கிறது, இப்போதே வந்தது நல்லது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். ஆப்பரேஷன், மருந்து எல்லாம் முடிந்து இன்று இரண்டு பேருமே மறுபடி கொழுந்துக்குப் போகிறார்கள். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அது எப்படித் தெரியும்? அம்மா சீட்டை வாங்காமல் பெஞ்சியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் எழுந்து வந்து அவள் எதிரே நின்றாள். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"எழுதினது நாந்தான்க்கா. எனக்காவத்தான வந்த? எந்திரி, ஒனக்கு நான் வாரேன்."