வெற்றுத் தாளில் பெரியம்மாவின் கையெழுத்து

அந்தத் தாளில் முதலில் விழுந்தது பெரியம்மாவின் கையெழுத்தா, நான் எழுதிய வரிகளா? பல வருடங்களாக யோசிக்கிறேன். மேலே அவர் பெயரும் ‘நகர்மன்ற உறுப்பினர்’ என்பதும் நீல நிறத்தில் அச்சாகியிருந்தது நினைவிருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தபோது அடியில் கையெழுத்து இருந்ததா என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

எங்களுடையது தஞ்சாவூருக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவே ஒரு சிறிய நகராட்சி. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், அதுவரை கவுன்சிலராக இருந்த பெரியப்பா பெரியம்மாவை நிறுத்தினார். ஜெயித்தது பெரியம்மா, ஊர் கவுன்சிலர் என்று கூப்பிட்டதோ பெரியப்பாவைத்தான். திங்கட்கிழமைதோறும் லெட்டர்பேடில் பத்துப் பதினைந்து வெற்றுத் தாள்களில் பெரியம்மா கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். குழாய் இணைப்பு, தெருவிளக்கு என்று யாராவது வந்தால் பெரியப்பா சொல்லச் சொல்ல, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் மேலே எழுதுவேன். மன்றக் கூட்டத்தில் பெரியம்மா எழுந்தாலே, “அக்கா, அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கங்க” என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள்.

இரண்டாவது முறை ஜெயித்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. சாக்கடை அள்ளாத நாட்களில் பெரியம்மாவே கமிஷனர் அறை வாசலில் போய் நின்றார். “இனிமே படிச்சுப் பாத்துட்டுதான் போடுவேன்” என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார். ஆனால் பழைய வெற்றுத் தாள்கள் சில பெரியப்பாவின் பையில் மிச்சமிருந்தன.

அப்போதுதான் அந்தக் கடிதம். தெருவுக்குப் பின்னால் ஓடிய வடிகாலைத் தூர்த்து ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பாதை போட வேண்டும். ‘மேற்படி வடிகாலில் பல ஆண்டுகளாக நீரோட்டம் இல்லை’ என்று எழுதினேன். ஐப்பசி மழையில் அதில் தண்ணீர் புரண்டு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். “என்ன யோசனை? எழுதும்மா” என்றார் பெரியப்பா. எழுதினேன்.

அடுத்த கார்த்திகையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் தெருவிலேயே நின்றது. மூன்றாம் நாள் ஒரு வீட்டின் மண்சுவர் ஊறித் தொட்டிலின் மேல் விழுந்தது. எட்டு மாதக் குழந்தை. முழங்கால் தண்ணீரில் பெரியம்மாவோடு நானும் போனேன். “தண்ணி போற வழிய அடைக்கச் சொன்னது யாருக்கா?” என்று அந்தத் தாய் கேட்டாள். “நான்தாம்மா. நான்தான் கையெழுத்துப் போட்டேன்” என்றார் பெரியம்மா. கூட்டம் மண்ணை வாரி வீசியது. வீட்டில் பெரியப்பா கத்தினார்: “ஊரே நிக்கையில இப்படியா ஒத்துப்பாங்க?” பெரியம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சேலையில் இருந்த சேற்றைக் கழுவப் போனார். அதன்பின் அவர் தேர்தலில் நிற்கவில்லை.

போன வருடம் இறந்தார். கட்சிக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரா என்று கடைசிவரை அவரிடம் கேட்காமலே இருந்துவிட்டேன்.

இந்த ஜூனில் என் மகளை அங்கன்வாடியில் சேர்த்தேன். அங்கே உதவியாளராக இருப்பவர் அந்தத் தாய். அன்று பெரியம்மாவோடு வந்தவள் நான் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் சோறு ஊட்டுகிறார். நேற்று மழை பிடித்ததும், “அந்தக் கவுன்சிலரம்மா எழுதுன ஒரு காயிதம் எம்புள்ளைய வாரிக்கிட்டுப் போயிருச்சு, தங்கச்சி. செத்தும் அந்தப் பாவம் தீராது” என்றார். நான் குடையை மடக்கிக்கொண்டு நின்றேன்.

“செத்தவங்களுக்காகப் போயி, அந்தப் பொம்பள புண்ணக் கிளறாத” என்கிறார் என் கணவர். சரி என்றுதான் படுகிறது. ஆனால் நான் வாயை மூடியிருப்பது அவருடைய புண்ணுக்காகவா, நாளைக் காலையும் என் குழந்தையை அவர் கையில் கொடுக்க வேண்டுமே என்பதற்காகவா? அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்லலாமா? குழந்தையை இழந்தவர்கள், இப்படி ஒரு உண்மையை மறைத்து வாழ்பவர்கள், யாராக இருந்தாலும் ஒரு வரி எழுதுங்கள்.