குளோரினில் ஊறிய ஸ்பாஞ்ச்

பண்ணைக் கோழிகள் நோயில் செத்துப்போன பிறகு என் வீட்டுக்காரர் கோழி ஷெட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு. நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், அப்பாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று மீன் தொட்டி வாங்கி அனுப்பினாள். இந்த வீட்டில் இன்னொரு உயிர் போனால் மனுஷன் தாங்கமாட்டார்.

அதனால் நான் அவசரப்படவில்லை. சேலத்தில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் சொன்னபடியே செய்தேன். மீன் விடாமல் ஃபில்டரை மட்டும் ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட வேண்டும். தீனி அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும். அதைத் தின்கிற நல்ல கிருமிகள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் மெல்லப் பெருகும். அவை பெருகிய பிறகுதான் மீன். சோதிக்க ஒரு மருந்தும் கொடுத்தார். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து அதில் சொட்டு விட்டால், அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லையென்றால் மஞ்சள்.

வாரக்கணக்கில் பச்சைதான். வாழப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய மறுநாள் பார்த்தால் பளிச்சென்று மஞ்சள். கல்யாணக் களைப்பெல்லாம் மறந்து பஸ் ஏறிப் போய் நாலைந்து மோலி மீன்கள் வாங்கிவந்து தொட்டியில் விட்டேன். அவர் டிவியை அணைத்துவிட்டு நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

இரண்டொரு நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முதலில் பார்த்தது அவர்தான்.

"கோழியும் இப்படித்தான் புள்ள வாயப் பொளந்துச்சு" என்றார்.

சொட்டு விட்டேன். கரும்பச்சை.

"ஏனுங்க, தொட்டியில கை வெச்சீங்களா?"

"நீ கல்யாணத்துக்குப் போனப்ப சுத்தம் பண்ணினேன். ஒரே நாத்தம். ஸ்பாஞ்ச குளோரின்ல ஊறவெச்சு, நல்லா அலசிப்போட்டு, புதுத் தண்ணி புடிச்சு உட்டேன். புதுக்குஞ்சு எறக்கறதுக்கு முன்னால ஷெட்ட அப்படித்தான பண்ணுவோம்?"

நான் பார்த்துப் பார்த்து வளர்த்த கிருமிகளையெல்லாம் கொன்றுவிட்டு நிற்கிறார். அன்று தெரிந்த மஞ்சள், அம்மோனியா இன்னும் ஏறாத வெறும் புதுத் தண்ணீரின் மஞ்சள். வண்டி வண்டியாகத் திட்ட வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"இதுகளையும் நானே கொன்னுபோட்டனா?"

"இன்னும் ஒன்னும் சாகலீங்க."

கடைக்காரருக்குப் போன் போட்டேன். தீனியை நிறுத்துங்கள், பாதித் தண்ணீரை உடனே மாற்றுங்கள், கிருமி மறுபடி பெருகும்வரை தினமும் மாற்றுங்கள் என்றார். நான் போர்வெல் தண்ணீர் சுமந்துவர, அவர் குவளையால் மொண்டு மொண்டு மாற்றினார். "கொஞ்சம் பொறு சாமி, கொஞ்சம் பொறு" என்று மீன்களிடம் முனகிக்கொண்டே இருந்தார்.

விடிந்ததும், அவர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும் என்று டீ வடிகட்டியோடு போனேன். செத்தது ஏதாவது மிதந்தால் அள்ளி ஒளித்துவிடலாம் என்று நினைப்பு. எனக்கு முன்பே அவர் அங்கே நின்றிருந்தார். உள்ளங்கையில் ஒரு மீன், அசைவில்லாமல். முதல் கோழி விழுந்த அன்று கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவர் அவர்.

"ஒன்னு போயிருச்சு புள்ள" என்றார். "மத்தது இருக்குது. தண்ணி மாத்தோணும், பக்கெட்ட எடுத்துட்டு வா."